இறுக்கிக் கட்டிய நூலும் வளைந்த தண்டும்: ஒரு ரெசின் ஹாக்கர் ஃப்யூரி மாடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அச்சில் ஊற்றி வார்த்த பிசின் பாகங்களைக் கொண்ட ரெசின் கிட்டில் செய்த ஒரு இரட்டை இறக்கைப் போர் விமான மாடல், கட்டி முடித்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் உருக்குலையத் தொடங்கியது. அதைப் பிரித்து மறுபடி கட்டினோம். செய்தவர் என் நண்பர். பெயர் வேண்டாம் என்றார். நடந்ததை அப்படியே எழுதச் சம்மதித்து, வேலை நடந்த நாட்களில் எடுத்த படங்களையும் குறிப்பேட்டையும் கொடுத்தார். நான் இடையிடையே ஆலோசனை சொன்னவன். அந்த ஆலோசனைகளில் ஒன்று அரைகுறையாக இருந்தது. அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

விமானம் ஹாக்கர் ஃப்யூரி, முதல் வகை. ஹரிக்கேன் போர் விமானத்தை வடிவமைத்த அதே சிட்னி கேம் அதற்கு முன் வடிவமைத்தது. 525 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் என்ஜினோடு மணிக்கு 207 மைல் வேகம் போனது. மட்டப் பறப்பில் 200 மைலைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் விமானப்படைப் போர் விமானம் இதுதான். 1931 மே மாதம் இங்கிலாந்தின் டாங்மியர் தளத்தில் இருந்த 43ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவுக்கு முதலில் வந்தது. அந்த ஸ்குவாட்ரனின் அடையாளம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். மூக்குப் பகுதி மெருகேற்றிய உலோகம், பின்பகுதியும் இறக்கைகளும் அலுமினியப் பொடி கலந்த டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) பூசிய துணி. மாடல் செய்பவர்கள் இந்த விமானத்தின் மேல் ஆசைப்படுவதற்கு அந்த இரண்டு வெள்ளி நிறங்களே போதும். ஒன்று கண்ணாடி மாதிரி மின்னும், மற்றது மங்கலாகப் பட்டுப்போல் இருக்கும்.

கிட் 1/48 அளவு. 9.14 மீட்டர் இறக்கை விரிவு அதில் 190 மில்லிமீட்டராக வரும். சிறிய அளவில் வார்த்து விற்கும் ஒருவரின் தயாரிப்பு. ரெசின் பாகங்கள், கருவிப் பலகைக்கும் இருக்கை வார்களுக்கும் அரித்தெடுத்த உலோகத் தகடு, முன்கண்ணாடிக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள், டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள்), இரண்டு பக்கக் குறிப்பு என அவ்வளவுதான். நண்பர் பத்து வருடமாக சாதாரண பிளாஸ்டிக் கிட்கள் செய்கிறவர். இரட்டை இறக்கை விமானங்களும் நான்கு செய்திருக்கிறார், இறக்கைகளுக்கு இடையே ஓடும் கம்பிகளுக்குப் பதிலாக நூல் கட்டுவதில் கை தேர்ந்தவர். ரெசின் மட்டும் இதுதான் முதல் முறை.

பெட்டியைத் திறந்தபோது கண்டவை

வார்ப்பு நன்றாகவே இருந்தது. துணிக்கு அடியில் தெரியும் விலா எலும்புகள் மென்மையாக, சரியான அளவில் வந்திருந்தன. குறைகளாக நண்பர் குறித்துக்கொண்டவை நான்கு. வலது கீழ் இறக்கையின் நுனி 3 மி.மீ மேலே வளைந்திருந்தது. மேல் இறக்கையின் பின்விளிம்பு லேசாக அலை அடித்தது. உடலின் அடிப்பகுதியில் காற்றுக்குமிழி விட்ட ஊசித்துளைகள் இருந்தன. இறக்கைகளுக்கு இடையே வரும் தாங்குதண்டுகள், ஆங்கில ‘N’ எழுத்து வடிவில் ஒரே துண்டாக வார்த்தவை, இரண்டுமே வில் மாதிரி வளைந்திருந்தன.

ஐந்தாவதாக ஒன்றை அவர் விரலால் உணர்ந்தார், ஆனால் குறிப்பேட்டில் எழுதவில்லை. பாகங்கள் எல்லாம் லேசாக வழுக்கின. வார்ப்பு அச்சிலிருந்து ரெசின் எளிதாகக் கழன்று வர அச்சில் பூசும் பொருளின் மிச்சம் அது.

மேல் இறக்கையை எடை போட்டுப் பார்த்தோம், 16 கிராம். இந்த எடை தண்டுகள்மேல்தான் நிற்க வேண்டும் என்பதை, குறித்து வைத்தும் அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் கிட்டில் தண்டுகள் ரெசினைவிட இறுகலான பொருள், தண்டு உட்காரும் குழியும் ஆழமாக இருக்கும். இந்தக் கிட்டில் தண்டு உட்கார வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம், அரை மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் அதிகம்.

ஆரம்பத்தில் எடுத்த முடிவுகள்

முதலில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினார். ஒரு முறை, மென்மையான பிரஷ்ஷால், பத்து நிமிடம்.

வளைந்த இறக்கைக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் முக்கு, இளகியதும் எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து நேராக்கு, அப்படியே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற விடு என்றேன். இது எல்லாரும் செய்வதுதான், வேலையும் செய்யும். இறக்கை நேரானது. ஆனால் பாலியூரித்தேன் ரெசின் தான் வார்க்கப்பட்ட வடிவத்தை லேசில் மறக்காது, மறுபடி சூடு பட்டால் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே நேராக்கியபின் உள்ளே ஒரு கம்பி பதித்துவிட வேண்டும். இந்த இரண்டாம் பாதியை நான் சொல்லவில்லை. சின்ன இறக்கைதானே, தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன்.

தாங்குதண்டுகளையும் அதே முறையில் நேராக்கினார். அவற்றுக்குப் பதிலாகப் பித்தளையில் செய்யலாம் என்ற பேச்சு அப்போதே வந்தது. அவர் வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் நியாயமானவை. கிட்டில் வந்த தண்டுகளின் குறுக்குவெட்டு நீர்த்துளி வடிவில் அழகாக இருந்தது, தடிமனும் சரியாக இருந்தது. பித்தளை என்றால் சால்டரிங் செய்ய வேண்டும், அது அவருக்குப் பழக்கமில்லை. கையில் இருப்பது நேராகிவிட்டதே, அப்புறம் என்ன என்பதுதான் அவர் எண்ணம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

வார்ப்பு மிச்சக் கட்டைகளை அறுத்ததும் உப்புத்தாள் போட்டதும் தண்ணீர் தொட்டுத்தான். முகமூடியும் போட்டுக்கொண்டார். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதில் அவர் ஒரு நாளும் அசட்டையாக இருக்கவில்லை. ஊசித்துளைகளை சூப்பர் க்ளூவால் நிரப்பி, அது கல்லாக இறுகுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்தார். மறுநாள் தேய்த்தால் பசை ரெசினைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள ரெசின் மட்டும் தேய்ந்து பள்ளம் விழும். விமானி அறை ஒரு வாரத்தில் முடிந்தது. அதில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

வண்ணத்தில் வந்த முதல் எச்சரிக்கை

உடலுக்கு அடிப்பூச்சு, பின்பகுதிக்கு மங்கல் வெள்ளி, மூக்குக்குப் பளபளப்பான கறுப்பு அடித்து அதன்மேல் உலோக லாக்கர் என்பது திட்டம். துணிக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூக்குக்கு வண்ணம் அடித்தார். டேப்பை உரித்தபோது வெள்ளி அதோடு வந்துவிட்டது. வெள்ளி மட்டும் இல்லை, அடிப்பூச்சும் சேர்ந்து தோல் மாதிரி உரிந்தது. அடியில் ரெசின் சுத்தமாக, மினுமினுப்பாகத் தெரிந்தது.

படத்தை அனுப்பி, டேப்பின் பிசின் அதிகமோ என்று கேட்டார். டேப்பின் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் ஒட்டியிருந்த அடிப்பூச்சில் ரெசினின் துகள் ஒன்றுகூட இல்லை. நன்றாகப் பிடித்த அடிப்பூச்சு உரிந்தால் திட்டுத்திட்டாக, கிழிந்துதான் வரும். இப்படி முழு ஏடாக வருகிறது என்றால் அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, அச்சுப் பூச்சின் மிச்சம் நடுவில் நிற்கிறது என்று பொருள்.

உடலின் வண்ணம் முழுவதையும் எடுத்துவிட முடிவு செய்தார். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டிருக்கலாம். ஆனால் டிகால் ஒட்டும்போதோ அடுத்த டேப்பிலோ மற்ற இடமும் போகும். இரண்டு வாரம் தாமதமானது. எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, 800 எண் தாளால் ஈரமாக ஒரு தடவை வருடி, லாக்கர் வகை அடிப்பூச்சு அடித்தார். அதன்பின் ஒரு இடமும் உரியவில்லை.

இதை எச்சரிக்கை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக்கில் பழகிய கை ரெசினை அதே பொருளாக நினைத்துக்கொள்கிறது என்பதை இந்த இடம் காட்டிவிட்டது. வண்ணத்தில் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டோம், தண்டுகள் பக்கம் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மேல் இறக்கை ஏறிய மாலை

எல்லாம் வண்ணமாகி, கட்டங்கள் டிகாலாக ஒட்டி, பதினான்காவது வாரத்தில் மேல் இறக்கையைப் பொருத்தினார். முன்னதாக வண்ணம் இல்லாமல் ஒரு முறைகூட மேல் இறக்கையைத் தண்டுகளோடு வைத்துப் பார்க்கவில்லை. கிட்டில் வரும் பாகம் பொருந்தும் என்ற பிளாஸ்டிக் நம்பிக்கை. நடுத் தாங்குதண்டுகள் (உடலிலிருந்து மேல் இறக்கையின் நடுவுக்குப் போகிறவை) ஒரு பக்கம் அரை மி.மீ குட்டையாக இருந்ததை அப்போதுதான் கண்டார். சூப்பர் க்ளூ சில நொடிகளில் பிடித்துவிடும், நகர்த்திப் பார்க்க நேரமில்லை. கண்ணளவில் நேராக வைத்து ஒட்டினார்.

அதே மாலை நூல் கட்டினார். 0.12 மி.மீ நைலான் இழை. முதலில் இடது பக்கம் முழுவதும், பிறகு வலது பக்கம் முழுவதும். ஒவ்வொரு இழையையும் இறக்கையில் போட்ட துளைவழியாக இழுத்து, சிறு எடை தொங்கவிட்டு, விறைப்பாக நிற்கும்போது பசை வைத்தார். நான்கு பிளாஸ்டிக் மாடல்களில் அவருக்கு அருமையாக வந்த முறை அது.

உண்மை விமானத்தில் அந்தக் கம்பிகள் என்ன செய்கின்றன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். உடலின் அடியிலிருந்து வெளித்தண்டின் (இறக்கைகளுக்கு இடையே வரும் அந்த ‘N’ வடிவத் தண்டின்) தலைக்குப் போகும் கம்பி, பறக்கும்போது இறக்கைகள் மேலே மடங்காமல் பிடிக்கிறது. நடுத்தண்டின் தலையிலிருந்து வெளித்தண்டின் காலுக்குப் போகும் கம்பி, தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிக்கிறது. முன்னதைப் பறப்புக் கம்பி, பின்னதைத் தரைக் கம்பி என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இரண்டையும் இறுக்கினால் அந்த இறுக்கம் முழுவதும் தண்டுகளை நெருக்கும். விமானத்தின் தண்டுகள் அந்த நெருக்கலைத் தாங்கும்படி செய்தவை. கிட்டில் வந்தவை அப்படி இல்லை. வார்ப்பு ரெசினைவிடப் பித்தளை ஐம்பது மடங்குக்கும் மேல் விறைப்பானது. மெல்லிய தண்டு நெருக்கலில் வளையாமல் நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது அந்த விறைப்புதான். போதாததற்கு, ரெசின் தொடர்ந்து ஒரே பாரத்தில் இருந்தால் நாளாக நாளாக மெல்ல நகரும். முதல் நாள் தாங்கியது இருபதாம் நாள் தாங்க வேண்டும் என்பதில்லை.

அன்றிரவு எடுத்த படங்களில் மாடல் மிக அழகாக இருந்தது.

உருக்குலைவு

மாடலை விளக்கு உள்ள கண்ணாடி அலமாரியில் வைத்தார். பத்தொன்பதாம் நாள் அழைத்தார்.

“வலது பக்கம் நூல் தளர்ந்திருக்கு அண்ணா. பசை விட்டிருக்கும்போல. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிடட்டுமா?”

எதையும் தொடாதீங்க, எந்த நூல் தளர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். இந்த நிகழ்வில் நான் உருப்படியாகச் சொன்னது அது ஒன்று. பசை விட்டிருந்தால் ஒரு நூல் தளரும். அவர் பார்த்துச் சொன்னது: வலப்பக்கத் தரைக் கம்பிகள் எல்லாமே ஒன்றுபோலத் தொய்ந்திருந்தன, பறப்புக் கம்பிகள் எல்லாம் விறைப்பாகவே இருந்தன. அப்படியானால் நூல்மேல் குற்றமில்லை. இறக்கை இடம் மாறியிருக்கிறது.

அளந்தோம். வாலை முட்டுக்கொடுத்து உடலை ரசமட்டத்துக்குக் கொண்டுவந்து, மேசையிலிருந்து ஒவ்வொரு நுனியின் உயரத்தையும் எடுத்தார். வலது கீழ் இறக்கை நுனி இடதைவிட 1.5 மி.மீ உயரம். வலது மேல் நுனி 2.5 மி.மீ உயரம். வாலின் உச்சியிலிருந்து இரண்டு மேல் நுனிகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் இடது பக்கம் 2 மி.மீ குறைவு, அதாவது மேல் இறக்கை திரும்பி நிற்கிறது. வலது வெளித்தண்டின் முன்கால் வில்லாகி, நடுவில் ஒரு மி.மீ வெளியே தள்ளியிருந்தது. பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விட்டால் தண்டு இறக்கையில் உட்காரும் இடத்தில் வண்ணம் மயிரிழையாக வெடித்திருப்பதும் தெரிந்தது. 2.5 மி.மீ என்றால் சின்னதாகத் தோன்றும். நிஜ விமானத்தில் அது 12 சென்டிமீட்டர்.

பிறகு பழைய படங்களை எடுத்தோம். கட்டி முடித்த இரவு மேலிருந்து எடுத்த படத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இறக்கை அன்றைக்கே திரும்பித்தான் இருந்தது. முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் நுனிகள் சமமாக இருந்தன. ஆக இரண்டு தனித்தனிக் குறைகள். திருகல் முதல் நாளே வந்தது. கண்ணளவில் ஒட்டியதும், இடதுபக்க நூலை முதலில் முழுக்க இறுக்கியதும் காரணம். தூக்கல் பிறகு வந்தது. அலமாரி விளக்கின் சூட்டில் வலது கீழ் இறக்கை தன் பழைய வளைவுக்குத் திரும்பத் தொடங்கி, வெளித்தண்டை மேலே தள்ளியது. ஏற்கெனவே நூல் இறுக்கத்தில் நெருங்கிக் கிடந்த தண்டு அதில் வளைந்துகொடுத்தது.

தளர்ந்த நூலை அன்று இழுத்துக் கட்டியிருந்தால் அந்தத் தண்டின்மேல் பாரம் இன்னும் ஏறியிருக்கும்.

பிரிப்பதா விடுவதா

மூன்று வழிகள் இருந்தன. அப்படியே விட்டு, நல்ல பக்கத்தை வெளியே காட்டி வைக்கலாம். வலது தண்டை மட்டும் மாற்றலாம். அல்லது மேல் இறக்கையைக் கழற்றி எல்லாத் தண்டுகளையும் மாற்றலாம்.

முதல் வழி நிலைக்காது, நகர்வு நின்றுவிட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. இரண்டாவது வழியில் திருகல் அப்படியே இருக்கும், கீழ் இறக்கையின் வளைவும் இருக்கும். புதிய தண்டை அந்தப் பொய்யான வடிவத்துக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவதில் வண்ணத்துக்கும் டிகாலுக்கும் ஆபத்து. நண்பர் இரண்டு நாள் யோசித்தார். பதினான்கு வார வேலையை உடைக்க யாருக்கும் மனசு வராது. கடைசியில் மூன்றாவதையே எடுத்தார்.

கழற்ற அசிட்டோன் போன்ற கரைப்பான் கூடாது, வண்ணத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சூப்பர் க்ளூ கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை பெறும், அதைப் பயன்படுத்திக்கொண்டோம். நூல்களை எல்லாம் வெட்டி எடுத்து, மாடலைக் காற்றுப் புகாத பையில் போட்டு நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தார். எடுத்ததும் தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகினார். பெரும்பாலான ஒட்டுகள் ‘டிக்’ என்று சுத்தமாகப் பிரிந்தன. வலது கீழ் இறக்கையும் வேரோடு கழன்றது, அது நல்லதாகப் போயிற்று. நடுத் தண்டு ஒன்று மட்டும் உடலின் மேற்பரப்பிலிருந்து அரிசி அளவு ரெசினைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அது மெருகேற்றிய உலோகமாக வண்ணம் அடித்த பகுதி. அந்தப் பூச்சில் ஒட்டுப்போட்டால் எந்த வெளிச்சத்திலும் தெரியும், முழுத் தகட்டையும் மறுபடி அடிக்க வேண்டும்.

மறுகட்டுமானம்

இந்தப் பகுதிக்கு ஐந்து வாரம் ஆனது, அதில் பாதி நேரம் அளப்பதிலேயே போனது.

வலது கீழ் இறக்கையை மீண்டும் சுடுதண்ணீரில் நேராக்கினார். இம்முறை அடிப்பக்கத்தில் நுனிவரை ஒரு காடி வெட்டி, 0.8 மி.மீ எஃகுக் கம்பியை எபாக்ஸி பசையில் பதித்து, மூடி, தேய்த்து, வெள்ளி அடித்தார். இடது இறக்கை நேராகத்தான் இருந்தது, அதற்கும் அதையே செய்தார். வலது இறக்கையின் வேரில் 1 மி.மீ பித்தளை ஊசிகள் இரண்டு வைத்து உடலோடு சேர்த்தார்.

தண்டுகளுக்கு சால்டரிங் கற்றுக்கொண்டார். செய்த விதம் இது: மெல்லிய பித்தளைக் குழாய்க்குள் 0.5 மி.மீ கம்பியை இரு முனையிலும் 2 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கும்படி நுழைத்து, குழாயைப் பட்டை வாயுள்ள குறடால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் தட்டையாக்குவது. கம்பி இருக்கும் இடம் தடித்து, பின்பக்கம் மெலிந்து, நீர்த்துளி வடிவம் கிட்டத்தட்டத் தானாக வருகிறது. மிச்சத்தை அரத்தால் சரிசெய்யலாம். நீண்டிருக்கும் கம்பி முனைதான் இறக்கையில் போட்ட துளைக்குள் இறங்கும் ஊசி. முதல் இரண்டு தண்டுகள் குறடின் பல்தடம் பட்டு வீணாயின, வாயில் டேப் சுற்றியபின் சரியாக வந்தது. குறுக்குக் கால் இரண்டையும் மரக்கட்டைமேல் வரைபடத்தை ஒட்டி, ஊசி குத்தி நிறுத்தி, சால்டர் செய்தார்.

அடுத்தது ஜிக், அதாவது ஒட்டும்வரை பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டம். லெகோ கட்டைகளால் செய்தார். ஒரு கட்டை 9.6 மி.மீ உயரம், தட்டை 3.2 மி.மீ, அச்சுப் பிசகாமல் எல்லாம் ஒரே அளவு. இரண்டு பக்கமும் சம உயரத்துக்கு அடுக்கி, மிச்சத்துக்குத் தாள் துண்டுகள் செருகி, மேல் இறக்கை தண்டுகளே இல்லாமல் தன் இடத்தில் நிற்கும்படி செய்தார். மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட எவ்வளவு முன்னே தள்ளி இருக்க வேண்டும் என்பதைத் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். தையல் நூலில் ஒரு சின்ன ஈயக் குண்டு. மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, கீழ் இறக்கையின் முன்விளிம்புக்கு உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தார். விமானப்படையின் ரிக்கர்கள் (இறக்கைகளையும் கம்பிகளையும் சீர்செய்கிறவர்கள்) நிஜ விமானத்திலும் இதைத் தூக்குக்குண்டு போட்டுத்தான் அளந்தார்கள்.

இறக்கை தன் இடத்தில் நின்றபின், அந்த இடைவெளிக்குத் தண்டுகளை அளவெடுத்து வெட்டினார். முதல் முறை தண்டு எங்கே வைத்ததோ அங்கே இறக்கை போனது. இப்போது இறக்கை நிற்கும் இடத்துக்குத் தண்டு வந்தது. நிதானமாக இறுகும் எபாக்ஸி போட்டு, அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை அளந்து, இரண்டு முறை நகர்த்தி, ஒரு நாள் ஜிக்கிலேயே விட்டார்.

நூலுக்கு இந்த முறை மீள்தன்மையுள்ள தட்டை இழை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் விமானங்களில் கம்பிகள் உருண்டையாக இல்லாமல் காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவில் இருந்தவை, ஆகவே பார்வைக்கும் இது பொருத்தம். நேராக நிற்கும் அளவு மட்டுமே இழுத்தார். வலது ஒன்று, அதன் ஜோடியாக இடது ஒன்று என்று மாறிமாறிக் கட்டினார்.

விளைவு

முடித்த அன்று நுனி உயரங்களில் வித்தியாசம் 0.3 மி.மீ. வாலிலிருந்து நுனிகளுக்கு உள்ள தூரத்தில் வித்தியாசம் அரை மி.மீ. மூன்றாம் மாதமும் எட்டாம் மாதமும் அளந்தோம், அளவுகோலில் தெரியும்படி எதுவும் நகரவில்லை. அலமாரி விளக்கை அணைத்துவிட்டார்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூக்கின் மேல்தகட்டை மறுபடி அடித்ததில் அதன் பளபளப்பு பக்கத்துத் தகட்டைவிட ஒரு படி கூடுதல். மேல் இறக்கையின் கட்டங்களில் பழைய தண்டு கழன்ற இடத்துக்கு நேர்மேலே ஒரு கறுப்புக் கட்டத்தின் மூலை உடைந்திருந்ததைத் தூரிகையால் தொட்டு மறைத்திருக்கிறார், தெரிந்தவருக்குத் தெரியும். பித்தளைத் தண்டுகள் கிட்டில் வந்தவற்றைவிடக் கொஞ்சம் தடிமன். இதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு இருக்கிறது.

எதை மாற்றிச் செய்வோம்

வண்ணம் அடிக்கும் முன்பே, வெறும் ரெசினாக இருக்கும்போதே, மேல் இறக்கையை ஜிக்கில் நிறுத்தித் தண்டுகளை அளவெடுப்போம். அரை மி.மீ குட்டையான நடுத்தண்டு அப்போதே கண்ணில் பட்டிருக்கும், ஃப்ரீசர் வரை போக வேண்டிய அவசியமே வந்திருக்காது. துளைகளையும் அப்போதே போட்டுவிடலாம்.

பாரம் தாங்கும் எந்த இடத்திலும் ரெசினை நம்ப மாட்டோம்: வெளித்தண்டு, நடுத்தண்டு, சக்கரக் கால், இறக்கை வேர். கிட்டில் வரும் தண்டை வடிவத்துக்கு மாதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மெல்லியதாகவும் அழகாகவும் இருக்கிறது என்பது அதை ஒட்டுவதற்குக் காரணம் ஆகாது. சுடுதண்ணீரில் நேராக்கிய எதற்கும் உள்ளே கம்பி வைப்போம். யாராவது இனி என்னிடம் கேட்டால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன்.

கழுவுவதைப் பற்றி ஒரு சொல். ஒரு முறை கழுவியது போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பாகத்தின்மேல் தண்ணீரை ஓடவிட்டால் ஏடாகப் பரவி நிற்க வேண்டும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் வழுக்கல் இருக்கிறது. இதற்கு அரை நிமிடம் ஆகும். எங்களுக்குப் போனது இரண்டு வாரம்.

நண்பர் இப்போது பிரிஸ்டல் புல்டாக் என்ற இன்னொரு இரட்டை இறக்கை விமான மாடலைத் தொடங்கியிருக்கிறார், அதுவும் ரெசின், அதே 1/48. பாகங்கள் இரண்டாம் முறை கழுவிக் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஃப்யூரியின் வளைந்த வலது தண்டை வேலைப்பலகைமேல் ஒரு அட்டையில் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் ‘19 நாள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.